‘தச்சன்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

அதியமான் நெடுமான் அஞ்சியோடு மோதத் துணிந்தவர்களை ஔவையார் ஒரு பாட்டில் எச்சரிக்கிறார். புறநானூற்றில் 87ஆவது பாட்டு, மொத்தமே நாலு அடி. பகைவர்களே, போர்க்களத்துக்கு வராதீர்கள், எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, அவன் எப்படிப்பட்டவன் என்பதை இப்படிக் காட்டுகிறார்: ‘வைகல் எண்தேர் செய்யும் தச்சன் / திங்கள் வலித்த காலன் னோனே.’ ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கிற ஒரு தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும்? அதியமான் அப்படி இருப்பானாம்.

இதைப் படிக்கும்போது ‘வைகல்’ என்றால் நாள் என்றும், ‘கால்’ என்றால் சக்கரம் என்றும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ‘தச்சன்’ என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே சொல், கிட்டத்தட்ட அதே பொருளில் இன்றும் இருக்கிறது. அதனாலேயே அந்தச் சொல்லை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், அது ஆச்சரியமான தூரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறது.

முதலில் பொருள். இன்று தச்சர் என்றால் மரவேலை செய்கிறவர். கதவு, நிலை, கட்டில், கலப்பை, வண்டி, இப்போது அலமாரி. சங்கப் பாட்டுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான். புறநானூறு 206இல் ஔவையாருக்குப் பரிசு கொடுக்காமல் காலம் கடத்துகிறார்கள். அவர் வாயில்காப்போனைக் கூப்பிட்டு, ‘மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர் / மழுவுடைக் காட்டகத்து அற்றே’ என்கிறார். கோடரியோடு காட்டுக்குள் போகும் தச்சன் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம்தானே? அதுபோல எனக்கு எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே. பெரும்பாணாற்றுப்படையில் அதே தச்சர் வீட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி வருகிறார்கள். ‘தச்சச் சிறாஅர் நச்சப் புனைந்த ஊரா நல்தேர்’: பார்க்கிற பிள்ளைகள் ஆசைப்படும்படி செய்த, யாரும் ஏறி ஓட்ட முடியாத சின்னத் தேர். உருட்டி விளையாடும் நடைவண்டி.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நடக்கும் புகாரில் யார் யார் வசிக்கிறார்கள் என்று இளங்கோ வரிசையாகச் சொல்லும்போதும் ‘மரங்கொல் தச்சரும் கருங்கைக் கொல்லரும்’ என்று வருகிறது. இங்கே ‘கொல்’ என்பது வெட்டு என்ற பொருளில். கவனியுங்கள், சும்மா தச்சர் என்று சொல்லாமல் மரம் வெட்டும் தச்சர் என்று அடை கொடுக்கிறார்கள். பாட்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று சேர்த்திருக்கலாம். ஆனால் மரத்தைத் தொடாத தச்சரும் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

அந்தத் தச்சர்களில் பெரியவர் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். 1010இல் முடிந்த அந்தக் கோயில் முழுக்க முழுக்கக் கருங்கல். அதைக் கட்டியவர்களின் தலைவருக்கு அரசன் தன் பெயரையே முன்னால் சேர்த்துக் கொடுத்த பட்டம் ‘பெருந்தச்சன்’. அவரோடு இன்னும் இருவருக்கு, நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று பட்டம் இருந்தது. ஆக, தச்சன் என்பது மரத்தோடு மட்டும் கட்டிப்போட்ட சொல் அல்ல. கல்லில் வேலை செய்கிறவரைக் கல்தச்சர் என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது.

ஏன் அப்படி என்று ஊகிப்பது கடினமில்லை. தமிழ்நாட்டில் கோயில்கள் முதலில் மரத்திலும் செங்கல்லிலும்தான் இருந்தன. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டிவைத்த குடைவரைக் கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்தேன் என்று பெருமைப்படுகிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெருமைப்படும் அளவுக்குப் புதிய விஷயம். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களைப் பார்த்தால் தெரியும்: உத்தரம், கொடுங்கை என்கிற வளைந்த கூரை விளிம்பு, அதன்மேல் லாட வடிவக் கூடு எல்லாம் மரத்தில் செய்த வேலையைக் கல்லில் அப்படியே பிரதி எடுத்தவை. பாறையில் உத்தரத்துக்கு வேலையே கிடையாது, ஆனாலும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பொருள் மரத்திலிருந்து கல்லுக்கு மாறியபோது கையும் கணக்கும் பழையவை, பெயரும் பழையதாகவே நின்றுவிட்டது.

கேரளத்திலும் பெருந்தச்சன் உண்டு, ஆனால் அவர் கதைமாந்தர். மகன் தன்னை மிஞ்சிவிட்டான் என்ற பொறாமையில் மேலிருந்து உளியை நழுவவிட்டு அவனைக் கொன்ற தகப்பன். வேண்டுமென்று போட்டாரா, தவறி விழுந்ததா என்று மலையாளிகள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கட்டடக் கலைக்கே அங்கே தச்சு சாஸ்திரம் என்றுதான் பெயர். நம் தென்மாவட்டங்களிலும் புது வீடு கட்டி முடித்ததும் ஆசாரி வந்து ‘தச்சு கழிக்கிற’ சடங்கு உண்டு. அது மரச்சாமானுக்கு மட்டும் அல்ல, முழு வீட்டுக்கும்.

இப்போது பிறப்புக்கு வருவோம்.

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, காதுக்கு ஒத்துப்போகிற இன்னொரு சொல்லைப் பிடித்து இதிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிடலாம். அது சுலபம், பெரும்பாலும் தப்பும்கூட. ஒலி மாற்றத்துக்கு ஒரு ஒழுங்கு தெரிய வேண்டும், பொருள் இழுக்காமல் பொருந்த வேண்டும், எந்தக் காலத்தில் எந்த வடிவம் இருந்தது என்பது இடிக்காமல் இருக்க வேண்டும். அப்புறம், அந்தச் சொல்லுக்கு வேறு எந்த மொழிகளில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்த்த பெரும்பாலான மொழியியலாளர்கள் தச்சன் என்ற சொல்லை வடமொழியில் உள்ள ‘தக்ஷன்’ என்ற சொல்லோடு சேர்க்கிறார்கள். இது சிவனுக்கு மாமனாரான தட்சன் அல்ல, அவர் பெயர் ‘தக்ஷ’ என்று அழுத்தமான வேறு த-வில் தொடங்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் குழப்பம் வரும். நாம் பேசும் தக்ஷன் ‘தக்ஷ்’ என்ற வினையிலிருந்து வந்தவர். அதற்குப் பொருள் வெட்டிச் செதுக்கி உருவாக்கு என்பது. ரிக்வேதத்தில் மரத்தைச் செதுக்குவதற்கு மட்டுமல்லாமல், பாட்டுக் கட்டுவதற்கும் இதே வினையைப் பயன்படுத்துகிறார்கள். திறமையான கைவினைஞன் தேரைச் செய்வதுபோல் இந்தத் துதியை உனக்காகச் செய்தேன் என்று ஐந்தாம் மண்டலத்தில் ஒரு கவிஞர் அக்கினியிடம் சொல்கிறார்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்பதாம் மண்டலத்தின் 112ஆம் பாட்டு. மனிதர்களின் எண்ணங்களும் தொழில்களும் பலவிதம் என்று தொடங்கி, தச்சன் எது உடைந்தது என்று தேடுகிறான், மருத்துவன் யாருக்கு அடிபட்டது என்று தேடுகிறான், புரோகிதன் சோமம் பிழிகிறவனைத் தேடுகிறான் என்று போகிறது. அடுத்த வரிகளில் கொல்லன் கையில் பொன் வைத்திருப்பவனைத் தேடுகிறான். பிறகு கவிஞர் தன் வீட்டைப் பற்றியே சொல்கிறார்: நான் பாட்டுக் கட்டுகிறேன், அப்பா வைத்தியர், அம்மா மாவு அரைக்கிறாள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டில் இந்தக் குறும்பு இருக்கிறது.

சரி, தக்ஷன் எப்படித் தச்சன் ஆனார்? நடுவில் பிராகிருதம் நிற்கிறது. வடமொழியின் ‘க்ஷ’ மக்கள் பேச்சில் தேய்ந்தபோது இரண்டு வழிகளில் போனது. ஒன்று ‘க்க’ பக்கம், இன்னொன்று ‘ச்ச’ பக்கம். ஒரே சொற்குடும்பம் இரண்டு பக்கமும் போனதற்கு இந்தியில் நல்ல சாட்சி உண்டு: சிறகைக் குறிக்கும் ‘பக்ஷ’ அங்கே ‘பங்க்’ ஆனது, பறவையைக் குறிக்கும் ‘பக்ஷி’ ‘பஞ்ச்சி’ ஆனது. தமிழுக்கு வந்தவற்றில் ‘க்க’ பக்கம் போனவை நமக்கு நன்றாகத் தெரியும். யக்ஷன் இயக்கன், ராக்ஷசன் அரக்கன், லக்ஷம் இலக்கம். மரவேலைக்காரர் ‘ச்ச’ பக்கம் போனவர். பாலி மொழியில் அவருக்குப் பெயர் ‘தச்சக’. புத்த சமயக் கதைகளில் இந்தச் சொல் சாதாரணமாக வரும். வடமொழி ஏட்டிலிருந்து நேரே எடுத்திருந்தால் சங்கப் புலவர்களுக்கு ‘தக்கன்’ போன்ற ஒன்று கிடைத்திருக்கலாம். கிடைத்தது தச்சன். அதனால் இந்தச் சொல் பண்டிதர் வழியாக வராமல், வணிகரும் துறவிகளும் கைவினைஞர்களும் பேசிய மொழி வழியாக வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சொல் மட்டும் வரவில்லை போலிருக்கிறது. தச்சர் கையில் இருக்கும் வாய்ச்சி, அதாவது மரத்தைக் கொத்திச் சமன் செய்யும் கருவி, வடமொழியில் ‘வாசீ’, பாலியில் ‘வாசி’. ஆனால் கைப்பெட்டியில் இருக்கும் மற்றவை வேறு கதை சொல்கின்றன. உளி, இழைப்புளி, நூல் என்று பெரும்பகுதி அசல் தமிழ். பெயர் வெளியிலிருந்து வந்ததால் தொழிலும் வெளியிலிருந்துதான் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொழில்பெயர்கள் கடன் போவதற்குத் தொழிலே கடன் போக வேண்டியதில்லை. இன்று நம் ஊரில் பாதிப் பேர் ‘கார்பெண்டர்’ என்கிறார்கள், மரவேலையை நாம் ஆங்கிலேயரிடம் கற்றுக்கொள்ளவில்லை.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தனித்தமிழ் அறிஞர்கள் சிலர், தச்சன் என்பது ‘தை’ என்ற தமிழ் வினையிலிருந்து வந்தது என்றார்கள். தைத்தல் என்றால் துணி தைப்பது மட்டுமல்ல. முள் தைக்கிறது, அம்பு தைக்கிறது. ஒன்றில் இன்னொன்றைச் செருகி இணைப்பது என்ற பொருள் பழையது. மரத்தை மரத்தோடு பொருத்துகிறவர் தைக்கிறவர், அதனால் தைச்சன், பிறகு தச்சன். பொருள் அருமையாகப் பொருந்துகிறது. பேச்சில் நாமும் ‘சட்டை தச்சாச்சு’ என்றுதானே சொல்கிறோம்?

அங்கேதான் எனக்குச் சிக்கல் தெரிகிறது. ‘தைத்து’ என்பது ‘தச்சு’ ஆவது பிற்காலப் பேச்சு வழக்கு. சங்கப் பாட்டுகளில் ‘த்த’ இப்படி ‘ச்ச’ ஆவதில்லை. தச்சன் மட்டும் அவ்வளவு முன்கூட்டியே மாறி நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். இன்னொன்று, பாலியில் தச்சக, வடமொழியில் தக்ஷன், அதற்கும் அப்பால் உள்ள மொழிகளில் இன்னும் பல என்று சொந்தம் ஒரு பக்கம் நீண்டுகொண்டே போகிறது. ‘தை’ வழியில் அப்படி ஒரு வரிசை கிடைப்பதில்லை. நான் பிராகிருத வழிக்கே கை தூக்குவேன். தமிழ்ப் பற்று ஒரு சொல்லை இழப்பதால் குறைந்துவிடாது. அதைவிட, ஒரு சொல்லைத் தப்பாகச் சொந்தம் கொண்டாடினால் மற்ற நியாயமான உரிமைகளும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அந்த நீண்ட சொந்தவரிசையைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம். 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று பேசினார். இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பம் என்று இன்று அதைச் சொல்கிறோம். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல, தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் எழுதினார், 1856இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார். ஆனால் தனிக்குடும்பம் என்பதற்காக அக்கம்பக்கத்தில் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் போகுமா? தச்சன் அப்படிப் பக்கத்து வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டவர். அவருடைய ரத்தசொந்தங்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஈரானில் ஜரதுஷ்டிரரின் பழம்பாடல்களில் பசுவைப் படைத்தவருக்கு ‘தஷன்’ என்று பெயர். செதுக்குகிறவர், உருவாக்குகிறவர். பாரசீகத்தில் வாய்ச்சிக்குப் பெயர் ‘தீஷே’. லித்துவேனிய மொழியில் மரத்தைச் செதுக்குவது ‘தஷீதி’. லத்தீனில் இதே வேர் நெசவுப் பக்கம் திரும்பி ‘டெக்ஸெரே’ ஆனது. நெய்வதும் இழைகளைக் கோத்து உருவாக்குவதுதானே. அதிலிருந்துதான் நம் கடைவீதிப் பலகைகளில் தொங்கும் ‘டெக்ஸ்டைல்ஸ்’, பள்ளிக்கூடத்து ‘டெக்ஸ்ட் புக்’, கைபேசியில் அனுப்பும் ‘டெக்ஸ்ட்’ எல்லாம்.

கிரேக்கத்தில் அவர் பெயர் ‘டெக்டோன்’. பொருள் அப்படியே தச்சர். இது எவ்வளவு பழையது என்றால், கிரேக்க எழுத்து வருவதற்கு முன்பு, லீனியர் பி என்ற பழைய எழுத்தில் களிமண் பலகைகளில் அரண்மனைக் கணக்கர்கள் எழுதிவைத்த பதிவுகளிலேயே ‘தெ-கொ-தொ-நெ’ என்று தச்சர்கள் வருகிறார்கள். அந்தப் பலகைகளுக்கு வயது சுமார் 3200 ஆண்டுகள். 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துச் சொல்லும்வரை அது கிரேக்கம் என்றே பெரும்பாலோர் நினைக்கவில்லை. டெக்டோனின் உடன்பிறப்பு ‘டெக்னே’, கைத்திறன் என்று பொருள். டெக்னிக், டெக்னாலஜி எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

டெக்டோனுக்கு முன்னால் ‘ஆர்க்கி’ என்று சேர்த்தார்கள். ஆர்க்கி என்றால் தலைமை, முதன்மை. தச்சர்களுக்கெல்லாம் தலைவர் ‘ஆர்க்கிடெக்டோன்’. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஆர்க்கிடெக்ட்’ ஆனது. இதைத் தமிழில் பிரித்துப் பொருள் சொல்லுங்கள் பார்ப்போம். பெரும், தச்சன். பெருந்தச்சன்! குஞ்சரமல்லனுக்குச் சோழ அரசவை கொடுத்த பட்டமும், ஏதென்ஸில் கோயில் கட்டியவர்களுக்குக் கிரேக்கர்கள் கொடுத்த பெயரும் பொருளில் ஒன்று. பின்பாதியில் உள்ள சொல்லோ ஒரே வேரில் பிறந்தது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இரண்டு நாட்டிலும் பெரிய கட்டடத்தை நடத்தியவர் தச்சுப் பட்டறையிலிருந்து வளர்ந்து வந்தவர், அவ்வளவுதான்.

இன்னொரு இடத்தில் இந்த இரண்டு சொற்களும் நேருக்கு நேர் சந்தித்தன. விவிலியத்தில் மாற்கு எழுதிய நற்செய்தி, ஆறாம் அதிகாரம். இயேசு சொந்த ஊருக்கு வந்து பேசும்போது ஊர்க்காரர்கள் முகம் சுளித்துக் கேட்கிறார்கள்: ‘இவன் தச்சன் அல்லவா? மரியாளுடைய குமாரன் அல்லவா?’ மூலம் கிரேக்கத்தில் இருக்கிறது, அங்கே உள்ள சொல் டெக்டோன். பிரிந்துபோய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன இரண்டு உறவினர்கள், ஒருவர் கிரேக்க வழியிலும் ஒருவர் பிராகிருத வழியிலும் நடந்து வந்து, ஒரே வாக்கியத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். டெக்டோன் என்றால் மரவேலைக்காரரா, கட்டடம் கட்டுகிறவரா, கல்லிலும் வேலை செய்தவரா என்று விவிலிய அறிஞர்களிடையே ஒரு விவாதம் உண்டு. ஆங்கிலத்து ‘கார்பெண்டர்’ மரத்தோடு நின்றுவிடுகிறது, அதனால் அங்கே அந்தச் சண்டை பெரிதாகத் தெரிகிறது. தமிழ்த் தச்சனுக்குக் கல்லும் பழக்கம் என்பதால் நமக்கு அந்தத் தொந்தரவு கொஞ்சம் குறைவு.

கார்பெண்டர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. லத்தீனில் ‘கார்பெண்டும்’ என்றால் இரண்டு சக்கர வண்டி, வண்டி செய்கிறவர் ‘கார்பெண்டாரியுஸ்’. பிறகுதான் பொதுவான மரவேலைக்காரர் ஆனார்.

தச்சர் கடன் வாங்கிய பெயரில் வாழ்கிறார் என்றால் மற்ற கைவினைஞர்கள்? கொல்லர் சுத்தத் தமிழர். ‘கொல்’ என்ற சொல்லுக்கு உலோக வேலை என்றும் பொருள் இருந்தது. மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலைக் குகையில் உள்ள தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துக் கல்வெட்டில் பொன்வேலை செய்தவர் ‘பொன்கொல்வன்’ என்று வருகிறார். ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்று பொன்முடியார் சொல்லும் கொல்லர் இவருடைய வம்சம்தான். கம்மியர் வேறு வழி. வடமொழி ‘கர்மம்’ பிராகிருதத்தில் ‘கம்ம’, அதாவது வேலை. வேலை செய்கிறவர் கம்மியர். கம்மாளர் என்பதும் இந்தப் பக்கத்துச் சொல். இதற்கு நேர்த்தமிழ் ‘வினைஞர்’. வினை என்றாலும் கர்மம் என்றாலும் ஒன்றுதான். கம்மியர் என்ன செய்கிறார் என்பது சொல்லில் இல்லை, இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுநல்வாடையில் ‘கைவல் கம்மியன்’ ஓரிடத்தில் விசிறி செய்கிறான், இன்னோரிடத்தில் அரண்மனைக் கதவைச் சந்து தெரியாமல் முடுக்குகிறான்.

அதே நெடுநல்வாடையில் அரண்மனைக்கு அளவு பார்த்துக் கயிறு பிடிக்கிறவர்களுக்குப் பெயர் ‘நூலறி புலவர்’. கட்டடக்காரர்களைப் புலவர் என்கிறார் நக்கீரர். நூல் அறிந்தவர் யாராக இருந்தாலும் புலவர்தான். இங்கே நூல் என்பது சிற்ப நூல். ஆனால் தச்சர் கையிலும் ஒரு நூல் இருக்கும், மரத்தில் நேர்கோடு போட. இந்த இரண்டையும் பவணந்தி முனிவர் விடுவாரா? மரத்தின் கோணலைத் தீர்ப்பது நூல், அதுபோல மனிதர் மனத்தின் கோணலைத் தீர்ப்பதும் நூல் என்று நன்னூல் பாயிரத்தில் வெண்பாவே எழுதிவைத்தார்: ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும்நூல் மாண்பு.’

எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் மணிமேகலைக்குப் போக வேண்டும். 19ஆம் காதையில் சோழ அரசனின் பூங்காவில் ஒரு மண்டபம் வருகிறது. அதைக் கட்டியவர்கள் யார் என்று சாத்தனார் சொல்கிறார்:

‘மகத வினைஞரும் மராட்டக் கம்மரும்
அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும்
தண்டமிழ் வினைஞர் தம்மொடு கூடிக்
கொண்டினிது இயற்றிய கண்கவர் செய்வினை’

நாலு ஊர்க்காரர்கள், உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து ஒரே வேலை. வினைஞர், கம்மர், கொல்லர், தச்சர் என்று நாலு பெயரும் வந்துவிடுகின்றன. யவனருக்குத் தச்சர் என்று கொடுத்திருக்கிறார் சாத்தனார். யவனர் என்றால் கிரேக்கர், பிறகு ரோமப் பேரரசிலிருந்து வந்த மேற்கத்தியர் எல்லாரும். அவர்களில் கிரேக்கம் பேசிய ஒருவர் உண்மையிலேயே புகாரில் உட்கார்ந்து உத்தரம் செதுக்கியிருந்தால், தன் ஊரில் அவருக்குப் பெயர் டெக்டோன். பக்கத்தில் இருந்தவர் தன்னைத் ‘தச்சன்’ என்று சொல்லிக்கொண்டபோது அவருக்கு ஏதாவது தட்டியிருக்குமா? தட்டியிருக்காது என்றே நினைக்கிறேன். அவ்வளவு தூரம் ஒலி மாறிவிட்டது. சாத்தனாருக்கும் தெரியாது.

வானத்திலும் ஒரு தச்சர் உண்டு. பழைய நிகண்டுகளில் சித்திரை நட்சத்திரத்துக்குள்ள பெயர்களில் ஒன்று ‘தச்சன்’. அந்த நட்சத்திரத்துக்குத் தெய்வம் த்வஷ்டா, தேவர்களுக்குக் கைவினை செய்து கொடுத்தவர். பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள்கூட இப்போது இந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஊர்ப்பெயர்களில் சொல் பத்திரமாக இருக்கிறது: திருநெல்வேலிக்குத் தச்சநல்லூர், புதுக்கோட்டைக்குத் தச்சன்குறிச்சி, யாழ்ப்பாணத்துக்குத் தச்சன்தோப்பு. ஒவ்வோர் ஊருக்கும் பெயர்க்காரணம் தனியாக விசாரிக்க வேண்டியது.

இன்று பேசும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. ஔவையார் காலத்தில் ‘தச்சன்’ என்பதில் ‘-அன்’ சாதாரண விகுதி. இப்போது வேலைக்கு வந்தவரைப் பார்த்து யாரும் ‘தச்சன்’ என்று சொல்வதில்லை, சொன்னால் மரியாதைக் குறைவு. தமிழ்நாட்டில் ‘ஆசாரி’ என்பார்கள். அது ஆசாரியர், அதாவது கற்றுக்கொடுக்கிறவர் என்பதன் தேய்ந்த வடிவம். தொழிலாளரை வாத்தியார் என்று கூப்பிடும் மொழி நம்முடையது. இலங்கையில், குறிப்பாகக் கிழக்குப் பக்கத்திலும் முஸ்லிம்களிடையேயும், தச்சருக்கு ‘ஓடாவி’ என்று பெயர். முதலில் ஓடம் கட்டுகிறவரைக் குறித்த சொல் அது. கடலோரத்தில் மரவேலை என்றால் முதலில் படகுதானே. அங்கே கதவு செய்ய வருகிறவரும் ஓடாவிதான்.